மித்ராவுக்கு டச்சில் சொன்னது

என் அன்பு அக்காவுக்கு,

நான் டச்சு படிக்கிறேன். சிரிக்காதே. ஏனாத்தூர் பஸ்ஸில் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு பாடத்தைத் தினமும் முணுமுணுக்கிறேன். உன் மகள் மித்ரா அங்கே டச்சு பேசிப் பேசித் தமிழை ஏறக்குறைய விட்டுவிட்டாள். ஃபோனில் அவளோடு பேச எனக்கு வேறு என்ன வழி?

நீ மட்டும் லீவில் வந்து, நம் வீட்டிலேயே உயிரை விட்டுவிட்டாய். "அம்மா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், அப்படியே போய்விட்டாள்" என்று மித்ராவிடம் உன் வீட்டுக்காரர் மாமாவைச் சொல்லவைத்தவர் நம் அப்பாதான். அன்றிலிருந்து அவள் படுப்பதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளாம். கண் சொருகினால் அலறி எழுகிறாளாம். ஏழு வயதுக் குழந்தை, அக்கா.

போன வாரப் பாடம், முன்பு நடந்துகொண்டிருந்ததைச் சொல்வது. 'வாஸ் ஆன் ஹெட்' என்று பொதுவாக ஒரு வழி உண்டு. ஆனால் பேச்சில் உட்கார்ந்தா, நின்றா, படுத்தா என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். 'லாக் டெ ஸ்லாபன்', படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுப் பொய் பாடமாகவே வந்திருந்தது. எரிச்சலில் மூடிவைத்தேன்.

நீ தறியில் அல்லவா உட்கார்ந்திருந்தாய்? சேலையின் உடல் பாவு நூலோடு முந்தானைப் பாவு நூலை இழை இழையாக நீயும் அப்பாவும் பிணைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுபா."

"பாதியில எழுந்தா இழை தளர்ந்துடும்மா. இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிட்டுப் படு."

நீயும் நெசவுக்காரர் வீட்டுப் பெண். தலையாட்டிவிட்டு அடுத்த இழையை எடுத்தாய். உனக்கு அவ்வளவு என்ன அவசரம் அந்தச் சேலைக்கு?

நேற்று மித்ராவிடம் சொல்லிவிட்டேன். 'ஸாட் டெ க்னோபன்.' அம்மா உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. நெஞ்சு வலித்தது, ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகிவிட்டது. அதற்கு அவள் டச்சில் ஒன்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்த அப்பா, "கொழந்த என்னமா கேக்குது?" என்றார்.

"தாத்தா அப்போ என்ன பண்ணிக்கினு இருந்தாருன்னு கேக்குதுபா."

அவர் தறிப் பக்கம் திரும்பினார்.

"நிறுத்தாம பிணைச்சிக்கினு இருந்தேன்னு சொல்லு."

சொன்னேன்.

மித்ரா படுத்துத் தூங்கினாள் என்று காலையில் மாமா செய்தி அனுப்பினார். இங்கே அப்பா இன்னும் படுக்கவில்லை.

அவரை மன்னித்துவிடு என்று உன் மகளிடம் கேட்கமாட்டேன், அக்கா. வெறுக்கவும் சொல்லித்தரமாட்டேன். வளர்ந்தபின் எத்தனை முறை கேட்டாலும் நேற்றுச் சொன்னதையே சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மித்ராவின் சித்தி