இடது பக்கத்துக் கம்பம்

இல்லை, உன் மட்டையை மாற்றவில்லை. கடைவரை கொண்டுபோனேன். மேஜைமேல்கூட வைத்துவிட்டேன். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் பவுடர் வாசனை. உன் கோல்ஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் வந்தது. வேர்க்குருவுக்குப் போடுகிற பவுடர். பெங்களூரில் யாருக்கு வேர்க்குரு வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கில்லடி, கிளப்புக்கு" என்றாய். ஈரக் கைக்குட்டையால் கிளப் மட்டையின் முகத்தைத் துடைப்பாய். மேலே பவுடரைத் தட்டுவாய். பந்தை அடித்தால் பட்ட இடத்தில் மட்டும் பவுடர் போய் ஒரு வட்டம் தெரியும். பந்து எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ குனிந்து வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

பையை உன் அம்மா கொடுத்தார். சர்ச்சில் உனக்கான பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஜீவனஹள்ளி வீட்டில். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அதன் தோளைப் பிடித்துத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ பாப்பா. ஆனா ஒண்ணு. ஆடறதுன்னா எடுத்துட்டுப் போ. மூலைல நிக்க வெச்சு மாலை போடறதுன்னா வேணாம். இந்த வீட்ல ஒரு போட்டோவுக்கு மாலை போட்டாச்சு. அது போதும்."

சரி ஆன்ட்டி என்றேன். அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது. பையிலிருக்கும் மற்ற கிளப்புகளை எப்படியோ அடித்துவிடலாம். அந்த மூன்றாம் நம்பர் வுட் என்ற கிளப்பை மட்டும் என்னால் அடிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியாது.

இதெல்லாம் எதற்கு இத்தனை கிளப் என்று பிறகு ஒருநாள் அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். தரையில் கிடக்கும் பந்தை வெகுதூரம் அனுப்ப வுட். தண்டு நீளம், தலை உருண்டை. எண் கூடக்கூட முகம் மேல்நோக்கிச் சாயும், தண்டு குட்டையாகும், பந்து சுலபமாக எழும்பும். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றைவிட ஐந்து நல்லது, ஏழு இன்னும் நல்லது. ஹைப்ரிட் என்பது பாதி வுட், பாதி தட்டைத் தலை அயர்ன். அடிப்பக்கம் அகலம், எடை கீழேயும் பின்னாலும். நடுவில் படாவிட்டாலும் பந்து ஓரளவு போய்ச் சேரும். கடைக்காரர்கள் இதைத்தான் ஃபர்கிவிங் என்பார்கள். மன்னிக்கிற கிளப்.

"மன்னிப்பெல்லாம் சர்ச்ல" என்று நீ சொல்வாய். "இது டாலரன்ஸ். தப்ப எவ்வளவு தாங்கும்னு."

நம் வேலையே அதுதானே. தொம்மலூர் அலுவலகத்தின் நான்காவது மாடி, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு மென்பொருளில் ஆட்கள் தப்பான பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்குச் சம்பளம். சரியான பொத்தானை அழுத்துகிறவர்களைப் பற்றி யாரும் நம்மிடம் கேட்டதில்லை. அலுவலகத்தில் இலவசக் கூப்பன் கொடுத்தார்கள் என்று பந்தடித்துப் பழகும் ரேஞ்சுக்கு ஒரு சனிக்கிழமை போனோம். என்னதான் இருக்கிறது பார்க்கலாமே என்று. நான் பந்தைப் பார்க்கப் போனேன். நீ அங்கேயும் டெஸ்டிங் ஆரம்பித்துவிட்டாய்.

மேனேஜர் புது மூன்றாம் நம்பர் வுட்டோடு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் மாடல். தண்டு விறைப்பு, தலை கறுப்பு, பளபளப்பு. கூடையில் பாதிப் பந்துகள் தரையோடு உருண்டன. ஒன்று மட்டும் பறந்தது. அவர் அப்படியே நின்று அது விழும்வரை பார்த்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன் சார். மத்ததையும் பாத்தேன்" என்றாய்.

"அதெல்லாம் வார்ம் அப்."

"அந்த வார்ம் அப்தான் சார் மைதானத்துல நடக்கும். நல்லா பட்டா எந்த கிளப்பும் போகும். உங்க கெட்ட அடி எங்க போய் விழுதுன்னு பாத்து வாங்குங்க. அஞ்சு எடுங்க. ஏழுன்னா இன்னும் நல்லது."

"ஏழாம் நம்பர் லேடீஸ் கிளப் மா."

"பந்துகிட்ட யாரும் சொல்லல சார்."

அவர் ஏழு வாங்கினார். அதன் தலைக்கு மூன்று என்று எழுதிய உறையைப் போட்டுக்கொண்டு வந்தார். நீ அதைக் கவனிக்காதது போல் இருந்தாய். மூன்று வாரம் அப்படியே இருந்தாய். எனக்கு அது உன்னைப் பற்றிய முக்கியமான செய்தி.

என் கேள்வி வேறு.

ஊருக்கெல்லாம் சுலபமான கிளப்பைச் சொன்ன நீ, பழைய சாமான் விற்பவரிடம் அந்த மூன்றாம் நம்பரை வாங்கி வைத்திருந்தாய். தலை சின்னது. ஓரத்தில் பெயின்ட் போயிருக்கிறது. எங்கே பட்டாலும் கை அதிரும். ரேஞ்சிலிருந்த ஒரு ஹைப்ரிட்டை என் கையில் திணித்தது நீதான். என் பந்து எப்போதும் வலது பக்கம் வளைந்து ரோட்டோர வலையில் போய் விழும். ஹைப்ரிட்டில் அடித்தபோது வளைவு பாதியானது. நான் குதித்தேன். நீயும் அடி என்று கொடுத்தேன்.

அடித்தாய். இடது பக்கம். திரும்ப அடித்தாய். இன்னும் இடது பக்கம். அங்கே வலையைத் தாங்கும் இரும்புக் கம்பத்தில் பட்டு டங்கென்று ஒலித்தது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்னப் புடிக்கல" என்று திருப்பிக் கொடுத்தாய்.

"கெட்ட அடியப் பாத்து வாங்குன்னு எல்லாருக்கும் சொல்ற. உனக்கு மட்டும் இந்தச் சின்னத் தலையா?"

"பாக்க அழகா இருக்குடி."

நம்பிவிட்டேன். உன்னிடம் காரணம் இல்லாத ஒன்றாவது இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுத் தலை வலிக்கிறது என்றாய். மூளையில் ரத்தக்குழாய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நாம் எழுதிய எந்த டெஸ்ட் கேஸிலும் அது இல்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

கடை அடுகோடிப் பக்கம், மோட்டார் ரிப்பேர் பட்டறைகளுக்கு நடுவில். பழைய கிளப்பைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டால் வேறு தருவார்கள். நான் வுட்டை உறையிலிருந்து எடுத்ததும் கடைக்காரர் சிரித்தார்.

"இத வெச்சுட்டு என்ன பண்றீங்க மேடம்? ரொம்பப் பழசு. இந்த ஹைப்ரிட் பாருங்க. சும்மா தொட்டாலே எழுந்திரிக்கும்."

உள்ளே வலை கட்டிய ஒரு மூலை இருந்தது. நான் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன்.

"மேக்கப்பா மேடம்?"

"கிளப்புக்கு" என்றேன். உன் குரலில் சொன்னேன் போலிருக்கிறது.

உன் வுட்டில் என் வட்டங்கள் எல்லாம் முனையில், கீழே. பந்து வலையின் வலது ஓரத்தைத் தொட்டது. ஹைப்ரிட்டிலும் வட்டம் நடுவில் இல்லை. ஆனாலும் பந்து வலையின் நடுவில். சந்தேகமே இல்லை. எனக்கு அதுதான். நீயும் அதையே சொல்லியிருப்பாய். வுட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் பில் புத்தகத்தைத் தேடி உள்ளே போனார்.

சும்மா நிற்க முடியாமல்தான் செய்தேன். இரண்டையும் தரையில் வைத்தேன். டைல்ஸ் இணைகிற கோட்டில், ஒன்றன் பக்கத்தில் ஒன்று, அடிக்கப்போவதுபோல. மேலிருந்து பார்த்தேன். ஹைப்ரிட்டின் முகம் தண்டிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி, கோட்டுக்குச் சற்று இடது பக்கம் பார்த்தது. தண்டை விரலில் உருட்டி, திரும்ப வைத்தேன். அப்போதும் இடது பக்கம்தான். உன் வுட் நேராகப் பார்த்தது. ஒரு நூல் வலது என்றுகூடச் சொல்லலாம்.

"இது கோணலா?" என்று பில்லோடு வந்தவரிடம் கேட்டேன்.

"எது? அதுவா? அப்படித்தான் மேடம் செய்வாங்க. புதுசா ஆடறவங்களுக்கு முக்காவாசி வலது பக்கம்தானே போகுது. அத இழுத்துப் பிடிக்கத்தான்."

"இடது பக்கம் போறவங்களுக்கு?"

"அவங்களுக்கு இன்னும் இடது பக்கம் போகும். பாவம். அவங்கதான் இந்த மாதிரி பழசத் தேடிட்டு வருவாங்க." உன் வுட்டைக் காட்டினார்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தவறை எதிர்பார்த்துச் செய்த கிளப் அது. உன் தவறை எதிர்பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை. நீ தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். எங்களுக்குச் சொன்ன அதே விதிப்படி, உன் மிக மோசமான அடியை வைத்து. அந்தச் சின்னத் தலைதான் உனக்குச் சுலபமான கிளப். அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. நான் குதித்துக்கொண்டிருந்தேன், அதனால் இருக்கலாம்.

"ஹைப்ரிட் எடுத்துக்கறேன். இதக் குடுக்கல" என்றேன்.

"மேடம், பில் போட்டாச்சே."

"வேற போடுங்க."

"ஆயித்து" என்று கன்னடத்தில் சரி சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

ஆனால் உன் அம்மாவின் நிபந்தனை அப்படியே இருந்தது. அடிக்க முடியாத கிளப்பைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பதும் மாலை போடுவதுதான். மறைக்க மனம் வரவில்லை. போன் செய்தேன்.

"ஆன்ட்டி, ஒரு கிளப் மட்டும் எனக்கு வரவே இல்ல."

"வரலன்னா கொடுத்துடு."

"கடைக்குப் போய்ட்டுத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்."

அவர் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன். இடத்தச் சொல்லு."

ஆட்டோவில் வந்து இறங்கினார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, உன் பழைய ஷூ. ரேஞ்சின் விளிம்பில் நின்று, சிதறிக் கிடந்த பந்துகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு பொறுக்குவாங்க?"

"வண்டி வரும் ஆன்ட்டி."

"பரவால்ல, நல்ல பொழப்பு. எங்க, நீ அடி."

உன் வுட்டால் அடித்தேன். தரையோடு போய் வலது பக்கம் ஒதுங்கி நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார். "குடு இங்க."

அவர் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே கேட்டேன். நீங்க ஆடியிருக்கீங்களா?

"இது எங்க ஆடினேன்? ஹாக்கி. அந்தக் காலத்துல காக்ஸ் டவுன் பக்கம் எந்தப் பொண்ணு ஆடல? நான் நடுவுல ஆடற சென்டர் ஹாஃப். இவளுக்கும் ஸ்டிக் புடிக்க வீட்டுக்கு முன்னாடி சந்துலதான் சொல்லிக் குடுத்தேன்."

முதல் வீச்சு காற்றில் போனது. அடுத்தது பந்தின் உச்சந்தலையில். பந்தை ரப்பர் குச்சிமேல் தூக்கி வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றவர் திரும்பவும் ஓங்கினார். கிளப் தோள்வரைதான் போனது. அங்கேயே நின்று திரும்பியது. மணிக்கட்டு இரண்டும் சட்டென்று புரண்டன. பந்து தாழ்வாக, வேகமாக, இடது பக்கம்.

டங்.

"ஏன் ஆன்ட்டி தோளோட நிறுத்திட்டீங்க?"

"அதுக்கு மேல தூக்கினா ஃபவுல் மா. ஸ்டிக் தோளத் தாண்டினா விசில் அடிச்சிடுவாங்க. எங்க காலத்து ரூல்."

நீயும் அப்படித்தான், அரை வீச்சு. ரேஞ்சில் சொல்லித் தருபவர் எத்தனையோ தடவை உன் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். அது திரும்பவும் தோளில் வந்து நின்றது. உனக்குத் தோள் இறுக்கம் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். யாரும் ஊதாத ஒரு விசிலுக்கு நீ அடங்கி நடந்துகொண்டிருந்தாய். உனக்கே அது தெரியுமா என்பதுதான் இப்போது என் கேள்வி. இதற்குப் பவுடர் போட்டுப் பார்க்க முடியாது.

உன் அம்மா கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளும் அங்கதான் அடிப்பாளா?"

"அதே கம்பம் ஆன்ட்டி."

தலையை ஆட்டினார். மூக்கை உறிஞ்சினார்.

"லெஃப்ட்ல போனா தப்பா?"

"தப்பில்ல. கொஞ்சம் வலது பக்கம் பாத்து நின்னா போதும். இந்த கிளப்பும் அதுக்கேத்ததுதான். அவ பாத்து வாங்கினது."

"பாத்துத்தான் வாங்குவா. தக்காளி வாங்கக்கூட அரை மணி நேரம்."

கிளப்பை வாங்கி, ஈரக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, பவுடர் தட்டிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாசனை பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் வலது பக்கம் திரும்பி நின்றார். அடித்தார். பந்து கிளம்பி, இடது பக்கம் வளைந்து, கம்பத்தைத் தொடாமல் மைதானத்துக்குள்ளேயே விழுந்தது. நான் பந்தைப் பார்த்தேன். திரும்பியபோது அவர் கிளப்பைப் புரட்டிக் கண்ணருகே வைத்து, அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையை இப்போதும் நான்தான் சுமக்கிறேன். பவுடர் டப்பா அதே ஜிப்பில். ஹைப்ரிட் என்னுடையது. அந்த வுட்டுக்கு மட்டும் ஆள் வேறு.

"இன்னொண்ணு வை" என்றார் உன் அம்மா அன்று.

கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.