எங்கள் சாப்பாட்டு மேசையில் நீ விட்டுப்போன எலி

இன்று அஷ்டமி. கீழ்வீட்டு பெங்காலி அண்ணி, எங்கள் பௌதி, பூஜோ பந்தலிலிருந்து பிரசாதமான போக் கிச்சடி வாங்கி எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பியிருந்தார். மேலே நெய் உருகி மினுங்கியது. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. என் மனைவி சாரதா வந்தாள், கரண்டியின் முதுகால் நெய்யை ஓரத்துக்கு ஒதுக்கினாள், காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு எங்களுக்குப் பரிமாறினாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நெய் வாசனைக்கு உன் ஞாபகம் வருவதுதான் உனக்கு எங்கள் வீட்டில் இருக்கும் நினைவுச்சின்னம்.

நீயும் நானும் ஒரே ஆய்வகத்தில், சினை எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி போட்டு, பிறந்த குட்டிகளின் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் குட்டிகளில் பல, பழகிய வழியையே மறந்தன. சில காரணமில்லாமல் மிரண்டன. கூட்டங்களில் இதையெல்லாம் நீதான் அழகாகச் சொல்வாய். முடிக்கும்போது விரலை உயர்த்துவாய். "எலி மனுஷன் இல்ல, இதை வெச்சு எந்தக் குழந்தைக்கும் ஜோசியம் சொல்லாதீங்க." கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

அப்போது எங்கள் மகள் நந்து இரண்டாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்காரமாட்டாள், சொன்னது மறந்துபோகும். பள்ளியில் எங்களைக் கூப்பிட்டுப் பேசிய அன்றுதான் நீ லேக் கார்டன்ஸிலிருந்து சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். உன் எதிரிலேயே அவள் நாலு கவளத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடினாள்.

"ஏன் அண்ணா இவ இப்படி இருக்கா? நீங்க மூளையெல்லாம் பாக்கறவராச்சே" என்று சாரதா கேட்டாள்.

"மாசமா இருக்கும்போது என்னம்மா சாப்ட்ட?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பௌதி ஷாத் செய்துவைத்ததை, கர்ப்பிணி ஆசைப்பட்டதெல்லாம் சமைத்துப் போடும் அந்த விருந்தில் நெய்யில் பொரித்த லுச்சிப் பூரியும் பாயேஷ் என்கிற பாயசமும் தின்றதை, பிறகு என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் லட்டு பிடித்துப் போட்டதை. "எதையும் வேண்டாம்னு சொல்லக்கூடாதாமே அண்ணா."

"அப்ப சரிதான். நாங்க எலிக்குப் போட்டதையேதான் உனக்கும் போட்டிருக்காங்க. குட்டி எப்படி ஓடுது பாரு!"

சொல்லிவிட்டு ரசத்துக்குத் தட்டை நீட்டினாய். அவளும் சிரித்தாள். ஆனால் ரசக்கரண்டி பாத்திரத்துக்கும் உன் தட்டுக்கும் நடுவில் அப்படியே நின்றது. நீ கவனிக்கவில்லை.

அன்றோடு எங்கள் வீட்டில் நெய் நின்றுபோனது. இப்படிப்பட்ட குழந்தைக்கு இதுதான் காரணம் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் நம் கட்டுரைகளையே பிரித்துவைத்து விளக்கினேன். "நீங்க என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க. அவர் யோசிக்காம சொன்னார். அதான் உண்மை" என்றாள்.

உன்னிடமே வந்து கேட்டேன். கேன்டீனில், எல்லாரும் எழுந்துபோன பிறகு.

"ஒரு தடவை வீட்டுக்கு வந்து, அது தப்புன்னு சொல்லிடுடா."

"அட, ஜோக்குடா அது! நீயே சொல்லேன்."

"நான் சொன்னா நம்பமாட்டேங்கறா."

"சரி சரி, பூஜோ முடியட்டும். வரேன்."

எத்தனை பூஜோ முடிந்தது! நீ துறைத்தலைவர் ஆனாய். மேடை மேடையாக விரலை உயர்த்தினாய். நான் கடைசி வரிசைக்கு மாறினேன், கைதட்டுவதை நிறுத்தினேன். அதையும் நீ கவனிக்கவில்லை.

நந்து இப்போது காலேஜ். நன்றாகப் படம் வரைகிறாள், நிறையப் பேசுகிறாள், பாதி பெங்காலியில். இன்னும் தினமும் "பாபா, சாபி கொத்தாய்?" என்று சாவியைத் தேடுகிறாள். அவள் தேடும்போதெல்லாம் சாரதா தலையைக் குனிந்துகொள்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் வாழ்ந்திருக்கிறேன்.

நீ போன செய்தியைச் சமையலறையில் வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு கேட்டாள்: "ஆஸ்பத்திரில பாத்தீங்களே, என்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாரா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், நம்பியிருக்கமாட்டாள்.

பூஜோ முடிந்ததும் உனக்கு இரங்கல் கூட்டம். பழைய நண்பன் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உன் பெருந்தன்மை, நகைச்சுவை எல்லாம் மற்றவர்கள் பேசட்டும். உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது, நீ கூட்டங்களை முடிக்கும் அந்த ஒரே ஒரு வாக்கியம். சாரதாவை முன்வரிசையில் உட்காரவைத்து, உன்னைப் போலவே விரலை உயர்த்தி, அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.