சம்பந்தியம்மா சொல்லாத ஆறு எண்கள்

கார்த்திகை 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மோட்டார் ஸ்டார்ட்டரில் காயில் போச்சு. எலக்ட்ரீஷியன் வழக்கம்போல "தோ வந்துட்டேன்". வரவில்லை. உளுந்து வாங்கணும்.

மகள் மலர் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு நம் வீடு வந்து ஒரு வாரம். ஆஸ்பத்திரிப் பையைப் புகுந்த வீட்டிலேயே, திருக்கனூரில், விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கேட்டால், "வளையல் போட்ட கையில ஆஸ்பத்திரிப் பை இன்னாத்துக்குன்னு அத்தை வாங்கி பீரோவுல வச்சிட்டாங்கப்பா." நல்ல அத்தை. ஞாயிறு மாப்பிள்ளை எடுத்து வருவாராம்.

கார்த்திகை 5, புதன்

மழை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விடிகாலை மலருக்கு ரத்தப்போக்கு. வலி இல்லை, ரத்தம் மட்டும். எட்டாம் மாசம். அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக் காரில் பாகூர் சுகாதார நிலையம்.

டாக்டரம்மா, சின்னப் பெண். "ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே? அதைப் பார்க்காம உள்ளே கை வச்சுப் பார்க்க மாட்டேன்." அது பையோடு திருக்கனூர் பீரோவில்.

திருக்கனூரில் பார்த்ததெல்லாம் இங்கே கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்றார் நர்ஸ். அதற்கு ஓடிபி வேண்டுமாம். அது போகும் போன் சம்பந்தியம்மாவுடையது. அந்த வீட்டில் ரேஷன், கேஸ், மருமகள் பிரசவம் எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான். மாப்பிள்ளை கம்பெனி ஷிப்டில். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

நானே கூப்பிட்டேன்.

"சம்பந்திம்மா, உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எம் புள்ள சொல்லியிருக்கான்."

"நான்தாம்மா, மலரு அப்பா."

"குரல மாத்திக்கினு பேசுறானுங்களாம். வைடா போன."

டா-வாம். நர்ஸ் மறுபடி அனுப்பினார். மறுபடி கூப்பிட்டேன். "மலருக்கு ரத்தம் போவுதும்மா" என்றேன். உடனே சம்பந்தியம்மா, "அப்பன்னா, நிச்சயத்தன்னிக்கு இன்னாத்துக்குக் கோச்சிக்கினு எழுந்து போனன்னு சொல்லு."

டாக்டர், நர்ஸ், காத்திருந்த சனம் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "எனக்கு எலையில அப்பளம் வைக்கல."

அழுகையும் எண்களும் சேர்ந்து வந்தன.

திரை திறந்தது. ஐந்தாம் மாச ஸ்கேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தது. போகப்போக மேலே ஏறிவிடும் என்று அப்போது சொன்னார்களாம். ஏறவில்லை. லேசில் கிடைக்காத நெகட்டிவ் ரத்தம். எந்த ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வரைக்கும். பெற்ற எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்கேயோ யாரோ தட்டி வைத்த எழுத்து மழையில் நனையாமல் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. கும்பிட்டேன். கம்ப்யூட்டரைத்தான்.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே டவுன் பெரிய ஆஸ்பத்திரித் திரையிலும் மலர் இருந்தாள். இறங்கினதும் பேர், ஊர், எதுவும் கேட்கவில்லை. "பாகூர் கேஸ்தானே? ரத்தம் ரெடி, உள்ளே தள்ளு."

கார்த்திகை 6, வியாழன்

லேசாக வெயில். ராத்திரியே ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில். மலர் பிழைத்தாள். இன்னும் நம்ப முடியவில்லை.

சம்பந்தியம்மா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். எனக்கும்தான்.

மாப்பிள்ளைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

குழந்தைக்குப் பதிவு போட நர்ஸ் வந்தார். பேர் வைக்கவில்லை, அதற்குள் ரத்த வகை ஏறிவிட்டது. "எந்த போன் நம்பர் போடறது?" நான் என்னுடையதைச் சொல்ல ஆரம்பித்தேன், மாப்பிள்ளை அவருடையதை.

மலர் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "என் நம்பர் போடுங்க சிஸ்டர். எனக்கும் அதையே மாத்திடுங்க."

அவள் போன் தலையணைப் பக்கத்தில் இருந்தது. நேற்று காரிலும் அவள் கையில்தான் இருந்தது.