அரிசிப் பைக்குத் தைத்த சட்டை

அன்பு மகள் மைனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய முழங்கால் மட்டும் எப்போதும் போல அவர் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே உன் நலமும் மாப்பிள்ளை நலமும், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் நம் சின்னவளின் நலமும் தெரிந்தால்தான் எங்களுக்கு அன்றைய பொழுது நகர்கிறது. போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு உடனே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதால்தான் உனக்கு மைனா என்றே பேர் வந்தது, அந்த மைனாவுக்கு இப்போது பேச்சு எழும்பவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் கேள்வி கேட்டு உன்னைப் படுத்தப் போவதில்லை. நான் பேசுகிறேன், நீ கேட்டால் போதும். கடிதம் என்றால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, பாதியில் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படிக்கலாம், அதற்காகத்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

இந்தக் கடிதம் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வரும். பொட்டலத்தை இப்போதே பிரிக்காதே, கதையைக் கேட்டுவிட்டுப் பிரி. போன முறை வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் எனக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிக் கொடுத்தீர்களே, துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும், பிசிறே இருக்காது என்று ஆசை காட்டி, அதை நான் ஒரு பழைய போர்வையில் சுற்றி அலமாரி மேல் ஏற்றி வைத்திருந்தேன். நீ விசாரித்தபோதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவினேன். அது பார்த்தால் பூனை, பாய்ந்தால் புலி. என்னுடைய பழைய தையல் மெஷினில் ஒரு ஊசி, மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். இதில் இரண்டு ஊசி, நாலு நூல், ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி. வெட்டினால் வெட்டினதுதான். எனக்கு எதற்கு இந்த வம்பு என்று இருந்துவிட்டேன்.

பிறகுதான் சின்னவள் நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை போனில், "தோல் காகிதம் மாதிரி இருக்கு அத்தை, பனியன் தையல் பட்டாகூட சிவப்பா கோடு விழுது" என்றார். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, பட்டன் இல்லாமல் நாடா கட்டுகிற மாதிரி, மெத்தென்று ஒரு சட்டை இருந்தால் போட்டுவிடலாம் என்று நர்ஸ் சொன்னார்களாம். கடையில் கேட்டால் இருப்பதிலேயே சின்னதுகூட அவளுக்கு அங்கி மாதிரி தொங்கும் என்றார். அன்றைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், கைப்பையைக்கூடக் கழற்றாமல், "என்னங்க, மேல ஏறி அந்த மெஷினை எடுங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மனுஷன் ஸ்டூல் மேல் ஏறிவிட்டார்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் ஏழெட்டு மொழி இருந்தது, நம் மொழி இல்லை. படம் மட்டும்தான் துணை. அப்பா அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்தக் காலத்தில் புது ரூட் கொடுத்தால் பஸ் எடுக்கும் முன் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "நாலு நூல்னா நாலு ரூட்டு, அவ்வளவுதான்" என்றார். எந்த நூல் எங்கே தப்பாகப் போகிறது என்று தெரிய வேண்டும் என்று நாலு நிறத்தில் நூல் வாங்கி வந்ததும் அவர் யோசனைதான், அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடித் திருகாணி மாட்டுகிற சின்ன இடுக்கியையும் பூதக்கண்ணாடி விளக்கையும் முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். நூல் ஒவ்வொரு வளையமாக ஏறி, திருகுக்குள் நுழைந்து, வயிற்றுக்குள் மறைந்து, எங்கோ ஒரு கொக்கியின் கண்ணில் வெளியே வர வேண்டும். நானும் அப்பாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்போம். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று சொன்னேன், அவர் கேட்காத மாதிரி இருந்தார், காது மட்டும் சிவந்தது.

ஆனால் தைக்கவில்லை. நாலு அங்குலம் ஓடும், நூல் அறுந்துவிடும். மறுபடி கோர்ப்போம், மறுபடி அறும். அப்பா நூல் விற்ற கடையைத் திட்டினார், நூலைத் திட்டினார், கடைசியில் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் பிடிபட்டது, நாங்கள் முதலில் கண்ணுக்குத் தெரிகிற ஊசிகளைக் கோர்த்துவிட்டு, கீழே ஒளிந்திருக்கும் கொக்கிகளுக்குக் கடைசியில் போயிருக்கிறோம். அது தலைகீழ். முதலில் மேல் கொக்கி, பிறகு கீழ்க் கொக்கி, கடைசியாகத்தான் ஊசிகள். ஒன்று வரிசை மாறினாலும் எல்லாவற்றையும் உருவிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். உருவினோம். வந்தோம்.

கண்ணு, அது முதன்முதலில் ஒழுங்காக ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். பிற்பகல், சன்னல் வழியே வெயில் சாய்வாக மேஜை மேல் விழுந்திருந்தது, துணிப் பஞ்சு அதில் மிதந்துகொண்டிருந்தது. துணி வைக்கும் முன்பே தெரியாமல் பெடலை அமுக்கிவிட்டேன். பழைய மெஷின் என்றால் துணி இல்லாவிட்டால் நூல் சிக்கி நின்றுவிடும். இது நிற்கவில்லை. துணியே இல்லாமல், வெறும் காற்றில், நாலு நிறமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகப் பின்னிக்கொண்டு பின்பக்கம் இறங்கி வந்தது. நான் காலை எடுக்கவே இல்லை. அது மேஜையைத் தாண்டி, மடியில் விழுந்து, தரையில் சுருண்டு போய்க்கொண்டே இருந்தது. இப்படியே விட்டால் வாசலைத் தாண்டும், பஸ் நிலையத்தைத் தாண்டும், கடலெல்லாம் தாண்டி நீ இருக்கும் மாடிக்கு வந்து சேரும் என்று ஏதோ அரைத்தூக்கத்தில் இருப்பவள் போல நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து, "நூல் தீரப் போகுது" என்றார். அப்போதுதான் விழித்துக்கொண்டேன்.

துணிக்கு எங்கேயும் போகவில்லை. புதுத் துணி எத்தனை முறை துவைத்தாலும் கொஞ்சம் முரடுதான். அப்பாவின் பழைய பனியன்கள், துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆனவை, அவற்றைத்தான் எடுத்தேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். யாருக்கு என்று சொன்னதும் போட்டிருந்ததையும் கழற்றிக் கொடுக்க வந்தார், போதும் என்று தடுத்தேன்.

அளவுக்குத்தான் திண்டாட்டம். மாப்பிள்ளை எடையைச் சொன்னார், நீளத்தைச் சொன்னார். எண்ணைக் கேட்டால் கைக்கு என்ன தெரியும் சொல். அப்பா சமையலறைக்குப் போய், தராசில் வைத்து அவள் எடைக்குச் சரியாக அரிசி அளந்து, ஒரு மெல்லிய துணிப் பையில் போட்டு, அவள் நீளத்துக்குத் தைத்து, வாயை நாடாவால் முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். நான் சும்மா விளையாட்டுக்கு என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கை அதன் தலைப் பக்கம் அணைப்பாகப் போயிருக்கிறது. "இவ்வளவுதானா?" என்று கேட்டார். உன் தம்பி விடுமுறைக்கு வந்தவன் விஷயம் தெரியாமல் அதைத் தூக்கி அரிசி டின்னில் கொட்டப் போனான், அப்பா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். இப்போது அவனும் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறான்.

முதல் சட்டையைக் கத்தி தின்றுவிட்டது. தோள் தையல் போட்டுக்கொண்டிருந்தேன், முன்பக்கத் துணியில் ஒரு மடிப்பு நழுவி அடியில் போனது எனக்குத் தெரியவில்லை. சரக்கென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நெஞ்சுக்கு நேரே ஒரு வெட்டு. அத்தனை சின்னச் சட்டையில் அத்தனை பெரிய வெட்டு. நான் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதேன் மைனா. பழைய பனியன் துண்டுக்கு யாராவது அழுவார்களா. அந்தச் சட்டையில் நான் எதைப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா என்னைத் தேற்றவில்லை, இன்னொரு பனியனை நீவி, பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்ததில் கற்றுக்கொண்டேன். குண்டூசி வைக்கக் கூடாது, கத்தியில் பட்டால் இரண்டும் போச்சு. துணியை இழுக்கக் கூடாது, இழுத்தால் ஓரம் அலையலையாக நெளியும். பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருப்பினால் மெஷினே துணியைச் சேர்த்து அனுப்பும், நெளிவு படிந்துவிடும். நூலின் இறுக்கம் கூடினால் ஓரம் சுருண்டு கயிறாகும், குறைந்தால் தொளதொளவென்று தொங்கும். தையலை மட்டும் உலக வழக்கத்துக்கு மாறாக வெளிப்பக்கம் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் சட்டையை உள்வெளி மாற்றிப் போட்டிருக்கிறது என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். உள்பக்கம் அவள் தோலுக்கு ஒரு கோடுகூடத் தட்டாது. முடிந்த சட்டையைப் பைக்குப் போட்டுப் பார்த்து நாடா கட்டினேன். அன்றைக்கு மதியம் சும்மா கண்ணை மூடினேன், அந்தப் பை மெல்ல மூச்சு விடுகிற மாதிரி ஒரு கனவு. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நடந்தேன்.

நடுவில் ஒரு நாள் அவள் எடை கொஞ்சம் இறங்கிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னாராம். நான் பையின் முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் அரிசி எடுக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏறினவங்களை நடுவழியில இறக்கிவிடற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. எடுக்கவில்லை. அவள் எடை மறுபடி ஏறி முன்னைவிடக் கூடியபோது மேலே ஒரு பிடி அரிசி போட்டார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே, மாப்பிள்ளையையும் கோபிக்காதே, அவர் கவலையில்தான் சொன்னார். பெட்டியின் பக்கவாட்டில் கை விடுவதற்கு வட்டமாகத் திறப்பு இருக்கிறதாம். நர்ஸ் தினமும் உன்னைக் கூப்பிடுகிறார்களாம். "கையைக் கழுவிட்டு வந்து நிக்கிறா அத்தை, அப்புறம் நாளைக்குன்னு சொல்லிட்டுத் திரும்பிடறா" என்றார். நீ இன்னும் அவளைத் தொடவில்லை. கண்ணே, உனக்குப் பயம். உன் விரல் பட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். தொட்டுவிட்டு, அப்புறம் அவள் இல்லாமல் போனால் தாங்க மாட்டேன் என்று அதற்கு அடியில் இன்னொரு பயம். தொடாமல் இருந்தால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று கணக்குப் போடுகிறாய். அந்தக் கணக்கு தேறாது அம்மா. இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அரிசிப் பையை மடியில் வைத்தே நாங்கள் இரண்டு கிழங்களும் அவள் மேல் உயிரை வைத்துவிட்டோம். பெற்றவள் நீ எங்கே தப்பிப்பாய். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு அவள் இருக்கிறாள். பெட்டிக்குள் தனியாக இருக்கிறாள்.

இனிமேல் பொட்டலத்தைப் பிரி. மூன்று சட்டை இருக்கிறது, வாசனை இல்லாத சோப்பில் துவைத்திருக்கிறேன், அங்கே ஒரு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்துக்கொள். பிறகு நர்ஸைக் கேட்டுக்கொண்டு ஒன்றை ஒரு இரவு உன் நெஞ்சோடு வைத்துப் படு, உன் வாசனை அதில் ஏறட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை சமைத்தால் உப்பைக் குறை சொல்லாதே, பாவம். நீயும் சின்னவளும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, ஒருவர் கை ஒருவர் கையில் இருக்க, நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காதே, சட்டையை நர்ஸிடம் கொடுக்காதே, நீயே போட்டுவிடு. கையைக் கழுவியதும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள், குளிர்ந்த கை பட்டால் பிள்ளை திடுக்கிடும். கை நடுங்கும், நடுங்கட்டும், எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை முதன்முதலில் தூக்கியபோது கை நடுங்கிய
உன் அம்மா