மஞ்சளுக்கு அடியில் சாலை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. மழை இன்னும் விடவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து தங்கை செல்வி வந்திருந்தாள். நான் வரைந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மலைப் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஊதா மேடு, ஆரஞ்சுச் சரிவு, நடுவில் கெட்டியான மஞ்சள். மலை என்றே யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது. அவள் சொல்லிவிட்டாள்.

"தொப்பூர்தானேக்கா இது? ரோட்டக் காணோம்?"

அவள் வீட்டுக்காரர் லாரி கவிழ்ந்து இறந்தது அந்தச் சாலையில்தான். "கலர் மட்டுந்தான் போட்டேன்" என்றேன்.

"அதான் நல்லாருக்கு. எனக்குக் குடுக்கா, வூட்டுல மாட்டிக்கறேன். ரோடு இல்லாத மலையப் பாத்துட்டு இருக்கறேன்."

ஆனால் சாலை இருக்கிறது. எந்தப் படத்துக்கும் முதலில் வண்ணக் கத்தியால் கறுப்புக் கோடுகளைத் தடிமனாக இழுத்துவிட்டு, அதன் மேல்தான் நிறம் பூசுவேன். இதில் சாலையை இழுத்ததும் என்னால் பார்க்க முடியவில்லை. மஞ்சளை அப்பி மூடிவிட்டேன். அவளுக்காகவா, எனக்காகவா, படத்துக்காகவா? தெரியவில்லை.

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லாமல் கொடுத்தால் என்றைக்காவது பக்கவாட்டு வெயில் பட்டு, வளைவுகள் புடைத்துத் தெரியும்.

கிளம்பும்போது படத்தைத் தடவிப் பார்த்தாள். மஞ்சளில் விரல் நின்றது. பிறகு மெதுவாக, வளைந்து வளைந்து கீழே இறங்கியது. அடிவாரத்துக்குச் சற்று முன்பே கையை எடுத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன். எதையும் மாத்திராதக்கா."

எதை என்று நான் கேட்கவில்லை.