பூட்டிய வீட்டில் ஆள்

செவ்வாய், இரவு.

முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்காக இன்று முதுகெலும்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. அதற்கு முன்னால் நர்ஸ் கேட்டதுதான் இன்னும் குடைகிறது.

"கூட யாரும்மா வந்திருக்காங்க? கால் மரத்துடும், தனியா அனுப்ப மாட்டோம்."

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் குனிந்து குனிந்து தேய்ந்தது என் முதுகு. அதற்கு இன்னொரு ஆள் எதற்கு? எரிச்சலாக வந்தது. என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரன் வாசலில் நின்றிருந்தான், அவனைக் கூப்பிட்டேன். "எங்க அக்காதான்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, சாயந்தரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

மீஞ்சூர் திரும்பும்போது கேட்டான். "நைட்டு கூட ஆள் இருக்கணும்னாங்களே. ஊட்ல யாருன்னா கீறாங்களாக்கா?"

"கீறாங்கப்பா" என்றேன்.

வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அதை மறந்தே போயிருந்தேன். அவன் பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாவியை வாங்கித் திறந்தான். லைட்டைப் போட்டு, தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலருகே வைத்தான். போகும்போது மட்டும் சொன்னான்: "தாப்பா போட்டுக்கினு தூங்கிடாதக்கா. காலைல சவாரிக்குப் போறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

கணவர் போனதிலிருந்து மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போடாமல் நான் படுத்ததில்லை. இன்று இரண்டும் திறந்தே இருக்கின்றன. கால் இன்னும் மரத்திருக்கிறது, எழுந்து போய்ப் போட முடியவில்லை. அதனால்தான்.