நடந்தே கடலுக்கு

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் செம்பனை எண்ணெய் ஆலையின் வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் ஊர் பாசிர் கூடாங்கில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடை. எனக்கோ உடனே உன் ஞாபகம். ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வாடை அடித்தால் காற்று கடல் பக்கமிருந்து வருகிறது என்பாய்.

ஜொகூர் பாருவின் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அந்த நடைவழிக் கையேட்டை நீ எடுத்தபோது நான் சிரித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை நடந்து எழுதியது. ரப்பர் தோட்டம் வழியே நடந்தால் கடற்கரைப் படகுத்துறை வரும் என்றிருந்தது. நம் வீடுகள் இருக்கும் தாமானே அந்தத் தோட்டத்தை அழித்துக் கட்டியதுதான். ஆனால் இப்போது நடுவே தொழிற்சாலை வேலிகள், லாரி ரோடு.

"கடல் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு, நடந்து போய் கடலைப் பார்க்க முடியலன்னா இது என்ன ஊரு லா?" என்றாய். அன்று பிடித்த பிடிவாதம், கடைசிவரை விடவில்லை.

ஓய்வு நாளானால் சேஃப்டி பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கண்டெய்னர் கிடங்குகளின் பின்புறம், கால்வாய் ஓரம், செம்பனைக் காடு என்று யாரும் எட்டிப் பார்க்காத இடமெல்லாம் சுற்றினோம். மோட்டாரில் போகிறவர்கள் நிறுத்தி, கார் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்பார்கள். இரண்டு பொம்பளைகள் சும்மா நடக்கிறார்கள் என்றால் யார் நம்புகிறார்கள்?

கையேடு சொன்ன பங்களாவும் இல்லை, ரப்பர்ப் பால் கொட்டகையும் இல்லை. பெக்கோக் தோட்டத்தில் பிறந்த நீதான் வேறு அடையாளம் சொன்னாய். புதருக்குள் முருங்கையோ கருவேப்பிலையோ தலை நீட்டினால் அங்கே லயம் இருந்திருக்கும், நம் ஜனங்கள் குடியிருந்த வரிசை வீடுகள். லயம் இருந்தால் வழியும் இருக்கும் என்றாய். ஒருமுறை கருவேப்பிலை என்று பாய்ந்து ஏதோ காட்டு இலையைக் கடித்துவிட்டு, "அலமாக்" என்று துப்பினாய். மற்றபடி நீ சொன்னது தப்பவில்லை. துரை எழுதாமல் விட்டதை வைத்தே துரையின் பாதையைப் பிடித்தோம்.

கடைசித் துண்டு மட்டும் அகப்படவில்லை. பெரிய கால்வாயோடு வழி நின்றது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பினோம். அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூச்சு வாங்கும்போதும் அதே பேச்சுதான்.

"நீ போய்ட்டு வா. ஆனா கார்ல போய்ட்டு, நடந்தேன்னு கதை விடாத."

நீ போன பிறகு வெகுநாள் பூட்ஸைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு அழுதுகொண்டேதான் கிளம்பினேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒரு கிடங்கின் பின்னால், முருங்கை பூத்து நின்றது. சுற்றிப் போய் ஒரு சிறு பாலத்தில் கடந்தேன். மரத்தடியில் உடைந்த சிமெண்டுத் தரை. அதைத் தாண்டி தூண்டில்காரர்களின் ஒற்றையடிப் பாதை. அது முடிந்த இடத்தில் கடல்.

சத்தமாகவே உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தூண்டில் போட்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் திரும்பி, கார் எங்கே என்று கேட்டார். நடந்து வந்தேன் என்று சொன்னபோது எனக்கு அப்படியொரு கர்வம்.

இப்போது மாதாமாதம் தாமான் ஆட்களைக் கூட்டிப்போகிறேன். போன முறை சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி, தண்ணீரைக் கண்டதும், "இந்த வழிய யாருக்கா கண்டுபிடிச்சது?" என்று கேட்டான். அடக்கமாக ஏதாவது சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

"நானும் என் கூட்டாளியும்," என்றேன்.

அந்தப் பெருமையில் உன் பங்கையும் சேர்த்து நான்தான் சுமந்துகொண்டு நடக்கிறேன்.